ரசமட்டமும் செவலைக் குட்டியும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கி விற்பது என் தொழில். நிலைக்கதவு, தூண், உத்தரம், ஊஞ்சல் பலகை எதுவாக இருந்தாலும் தள்ளி நின்று பார்த்தே இத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவேன். இரண்டு நூலுக்கு மேல் பிசகாது. (எட்டு நூல் ஓர் அங்குலம், ஆசாரிமார் கணக்கு.) அப்படிப்பட்டவன் ஒரு குதிரைக் குட்டியின் உயரத்தில் பதினாறு அங்குலம் ஏமாந்தேன். வெட்டிய மரம் வளராது, குட்டி வளரும். எனக்குப் பழக்கமில்லாத சரக்கு.

எங்கள் பக்கத்து ஊர்களில் புரவி எடுப்பு (அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழா) என்றால் மண்வேலை செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுத்து மண்குதிரை செய்யச் சொல்வார்கள். எத்தனை அடி உயரம் என்பது முதலிலேயே பேசி முடிவாகிவிடும். உயிருள்ள குதிரையையும் அப்படிப் பேசி முடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு 2019 ஆவணியில் பக்கத்து மாவட்டத்துக்குப் போனேன். விற்றவர் வாயில் தேன் ஒழுகியது. "அப்பன் ரேஸ் குதிரை, ஆத்தாள் நாட்டு மட்டக்குதிரை. குட்டிக்கு எட்டு மாதம். முழு வளர்ச்சியில் ஆறடி நிற்கும் ஐயா, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். எழுதியும் வைத்துக்கொண்டேன். அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் கடை மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, வயிற்றுச் சுழி என்று பார்ப்பதற்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் போனது. நான்கு காலும் முகமும் வெளுத்திருந்தால் பஞ்சகல்யாணி, இதற்கு ஒரு கால் மட்டும்தான் வெள்ளை, அதனால் விலையில் இவ்வளவு குறைத்திருக்கிறேன் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். பத்தடி தள்ளித் தாய்க்குதிரை வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அதன் அருகில் போய் என் நெஞ்சுக்கு எங்கே வருகிறது என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

குட்டியைக் கோட்டையூர் பக்கம் நான் குடியிருக்கும் வீட்டின் வண்டிக் கொட்டகையில் கட்டினேன். வீட்டுக்கார ஆச்சியின் ஐயா காலத்தில் அங்கே இரட்டைக் குதிரை சாரட்டு நின்றதாம். கொட்டகையின் பர்மாத் தேக்குத் தூண்களில் சேணம் மாட்டிய முளைகள் இன்னும் இருக்கின்றன. "எத்தனை வருடமாயிற்று இங்கே குதிரைச் சாணி வாசம் வந்து" என்று ஆச்சி நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆறடி என்று நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர் பாய். காரைக்குடி ரயில் நிலைய வாசலில் பல காலம் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோக்கள் பெருகியபின் வண்டியை விற்றுவிட்டுப் பேரன்களோடு இருக்கிறார். "தம்பி, ஆறடி என்றால் எங்கிருந்து எங்கே?" என்று கேட்டார். காது நுனி வரைக்கும் என்று வைத்துக்கொண்டேன் நான். குதிரையின் உயரத்தைத் தலையில் அளப்பதில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டிலிருந்து தரை வரைதான் உயரம். தலை ஏறும், இறங்கும், மேடு அவ்வளவாக அசையாது. அந்தக் கணக்கில் ஆறடி என்றால் 72 அங்குலம். இங்கிலாந்தில் பார வண்டி இழுக்க வளர்த்த ஷயர் போன்ற இனக் குதிரைகளில் பெரியவைதான் அந்த உயரத்துக்கு வரும்.

குதிரைக்காரர்கள் அங்குலத்தில் பேசுவதில்லை, 'கை' என்பார்கள். ஒரு கை நான்கு அங்குலம். இதில் ஒரு வழுக்கல் உண்டு. 14.2 என்று எழுதியிருந்தால் பதினான்கு கையும் பத்தில் இரண்டு பங்கும் என்று படித்துவிடக் கூடாது. பதினான்கு கையும் இரண்டு அங்குலமும், ஆக 58 அங்குலம். 14.4 என்று ஒன்று கிடையாது, அது 15 ஆகிவிடும். இந்த 58 அங்குலம்தான் உலகில் பல இடங்களிலும் மட்டக்குதிரைக்கும் பெரிய குதிரைக்கும் இடையே போட்டிருக்கும் கோடு. நான் அங்குலத்திலேயே எழுதுகிறேன். என் பிழைப்பு அதில்தான்.

பாய் முதலில் செய்தது குட்டியின் உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தது. பால் பற்களில் நடு இணை பிறந்த எட்டு நாளிலும், அடுத்த இணை எட்டு வாரத்திலும், கடைசி ஓரப் பற்கள் எட்டு மாதத்திலும் முளைக்கும் என்பது மனப்பாடமாகச் சொல்லத்தக்க கணக்கு. முதல் இரண்டு இணை சில நாள் முன்பின்னாகும், ஓரப் பல் ஓரிரு மாதம்கூட முன்பின்னாகலாம். செவலையின் ஓரப் பல் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு அரிசி மூக்குபோல எட்டிப் பார்த்தது. "வயதில் மட்டும் அந்த ஆள் பொய் சொல்லவில்லை" என்றார் பாய். வளர்ச்சியைக் கணிக்க வயதுதான் அச்சாணி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதே உயரத்தில் நிற்கும் குட்டிக்கு எட்டு மாதம் என்றால் ஒரு விடை, ஒரு வருடம் என்றால் வேறு விடை. இரண்டுக்கும் இரண்டரை அங்குலம் வித்தியாசம் வந்துவிடும். வயதைக் குறைத்துச் சொல்லி விற்பது ஏன் என்பதும் இதிலேயே விளங்கும்.

அடுத்து அளவு. முதல் நாள் கொட்டகை மண் தரையில் டேப்பை வைத்து அளந்தேன், 50 அங்குலம் 3 நூல். மறுநாள் காலை அளந்தால் 49 அங்குலம் 5 நூல். ராத்திரியோடு ராத்திரியாகக் குட்டி முக்கால் அங்குலம் குறைந்துவிட்டது! மடிந்து வளையும் டேப்பை விலாவின் உப்பலோடு ஒட்டி வைத்தால் நீளம் கூடத்தானே செய்யும். குட்டி ஒரு காலில் சாய்ந்து நின்றால் மாறும். தலையைத் தொங்கப்போட்டால் மாறும். மண்ணில் குளம்பு புதைந்தால் மாறும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டு மாதம் செதுக்காமல் விட்ட குளம்போடு அளந்துவிட்டு வளர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

கதவு நிலை பொருத்தும்போது செய்வதையே செய்தேன். நேரான தேக்குச் சட்டத்தில் அங்குலமும் நூலும் குறித்தேன். குறுக்கே ஏறி இறங்கும்படி ஒரு கட்டை பொருத்தி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்துக் கட்டினேன். வாசலில் பாவிய கருங்கல் தளத்தில் குட்டியை நிறுத்தி, நான்கு காலும் சதுரமாக நிற்கும்வரை காத்திருந்து, குறுக்குக் கட்டையைத் தோள்மேட்டில் மெல்ல இறக்கினேன். ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்தது. 49 அங்குலம். மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் 49. உள்ளே ஆத்தங்குடித் தளத்தில் நிறுத்தி அளக்கலாமே என்று மகள் சொன்னாள். அந்த வழவழப்பில் குட்டி கால் பரப்பி விழுந்தால் தளமும் போகும், குட்டியும் போகும்.

அந்த 49-ஐத் தூணில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்துத் தேதி எழுதினேன். பர்மாத் தேக்கில் கிறுக்குகிறேனே என்று ஆச்சி ஒரு பார்வை பார்த்தார்கள்.

இனி கணக்கு. பிறந்த குட்டி, பிற்காலத்தில் எட்டப்போகும் உயரத்தில் நூற்றுக்கு அறுபதுக்கு மேலேயே இருக்கும். அதனால்தான் குதிரைக் குட்டி என்றாலே வெறும் கால்களாகத் தெரிகிறது. ஆறு மாதத்தில் ஏறத்தாழ 84, ஒரு வருடத்தில் 90-ஐத் தாண்டி, ஒன்றரை வருடத்தில் 95, இரண்டு வருடத்தில் 97 அல்லது 98. மீதி இரண்டோ மூன்றோ பங்குக்கு இன்னும் மூன்று ஆண்டு எடுத்துக்கொள்ளும். எடை வேறு வழியில் போகிறது. பிறக்கும்போது பத்தில் ஒரு பங்கு, ஒரு வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு வயதுக் குட்டி நெட்டையாக, நோஞ்சானாகத் தெரிந்தால் அது பட்டினியால்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பதின்வயதுப் பையனைப் பார்ப்பதுபோலத்தான்.

எட்டு மாதத்துக்கு 87 என்று வைத்து 49-ஐ வகுத்தேன். 56 அங்குலம் சொச்சம் வந்தது. ஆறடி அங்கேயே செத்தது. மனம் ஒப்பவில்லை. கலப்புக் குட்டிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, ரேஸ் குதிரை இரத்தம் பிறகு கிளம்பும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன்.

பாய் தன் வழியில் பார்த்தார். ஒரு நூல் கயிற்றை எடுத்து, முன்னங்காலில் நெஞ்சோடு ஒட்டிய முழங்கை எலும்பில் ஒரு முனையை வைத்து, குளம்புக்கு மேலே இருக்கும் கணுவின் நடுவில் மறுமுனையைப் பிடித்தார். முழங்கையில் இருந்த முனையை அசைக்காமல் கயிற்றை அப்படியே மேல்நோக்கித் திருப்பினார். கயிறு எட்டிய இடம் குட்டியின் தோள்மேட்டுக்கு மேலே, காற்றில் நின்றது. "இங்கேதான் இவன் முதுகு வந்து நிற்கும்." சட்டத்தை வைத்துப் பார்த்தேன். 55 அரை. கால் எலும்புகள் முதலில் நீண்டுவிடுகின்றன, உடம்பு பின்னால் வந்து சேர்கிறது என்பதுதான் இதற்குள் இருக்கும் நியாயம். முட்டிக்குக் கீழே கணு வரை உள்ள எலும்பு ஒன்றரை வயதுக்குள் தன் நீளத்தை முடித்துக்கொள்ளும். முட்டிக்குச் சற்று மேலே உள்ள வளர்முனை மூடுவதற்கு இரண்டரை வயதையொட்டி ஆகும். முதுகெலும்புக் கோவை ஐந்து வயதைத் தாண்டியும் முழுசாக மூடியிருக்காது. கயிற்றுக் கணக்கு ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் முன்பின்னாகும். விற்றவரின் வாக்கு எத்தனை அங்குலம் பிசகியது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் பாயையும் கூட்டிக்கொண்டு தாய்க்குதிரையை அளக்கப் போனேன். 52 அங்குலம். தகப்பனை அந்த ஆள் காட்டவில்லை. வெளியூர் போயிருக்கிறது என்றார், குதிரை ஏதோ வேலை விஷயமாகப் போனதுபோல. தை மாதத்தில் ஒரு குதிரை வண்டிப் பந்தயத்துக்குப் போயிருந்தோம். இந்தப் பக்கத்துப் பந்தயங்களில் சிறிய குதிரை, பெரிய குதிரை என்று பிரித்துத்தான் வண்டி விடுவார்கள். பெரிய குதிரை வரிசையில் ஒன்றைக் காட்டி "அதோ நிற்கிறான் உன் பிள்ளையின் அப்பன்" என்றார் பாய். காதுகள் உள்நோக்கி வளைந்து நுனிகள் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நின்றன. ரேஸ் குதிரைக்கு ஏது அந்தக் காது? அது ராஜஸ்தானத்து மார்வாரி, குஜராத்துக் கத்தியவாரி இனங்களுக்கு உரியது. ரேஸ் இரத்தம் பாதி இருக்கலாம், மீதி அந்தப் பக்கம். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் போனவர்கள் இந்தக் காதை வரிசை வரிசையாகப் பார்த்திருப்பார்கள். உடையவரிடம் கேட்டுக்கொண்டு என் சட்டத்தை நிறுத்தினேன். 62 அங்குலம். பந்தயத்துக்கு வந்த கூட்டம் பந்தயத்தை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தது.

52-க்கும் 62-க்கும் நடு 57. கலப்புக் குட்டி என்றால் இந்த நடுவைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக அல்ல. உடன்பிறந்த குட்டிகளே ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசப்படும். எனக்குத் தெரிந்தவரை இதில் பலரும் மறப்பது தாயின் கருப்பையை. 1938-இல் வால்டன், ஹாமண்ட் என்ற இரண்டு இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மிகப் பெரிய ஷயர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லாந்து மட்டத்தையும் இரண்டு விதமாகக் கலந்து பார்த்தார்கள். ஒன்றில் தாய் பெரியது, மற்றதில் தாய் சிறியது. இரத்தம் இரண்டிலும் பாதிக்குப் பாதி. ஆனால் பெரிய தாய் ஈன்ற குட்டி, சிறிய தாய் ஈன்றதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடையோடு பிறந்தது. வளர்ந்து முடிந்தபிறகும் அந்த வித்தியாசம் முழுவதும் மறையவில்லை. தாய்க்குத் தாங்கும் அளவுக்கு மேல் குட்டி உள்ளே வளர்வதில்லை. செவலையின் தாய் சிறியது. அதனால் 57-ஐவிடச் சற்றுக் கீழே எதிர்பார்ப்பதே நியாயம்.

கணக்குகள் எல்லாம் 55 அரைக்கும் 57-க்கும் நடுவில் வந்து கைகோத்து நின்றன. நான்தான் கேட்கவில்லை. மீதியைத் தீனியால் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடை பூட்டு. எனக்கு வேறு வேலை இல்லை, குட்டிக்கு வேறு துணை இல்லை. காலையில் அவித்த கொள்ளு, மதியம் கம்பும் அரிசித் தவிடும், மாலையில் கோதுமைத் தவிட்டில் வெல்லம் கலந்து ஒரு உருண்டை, பக்கத்துத் தோட்டத்திலிருந்து கட்டுக்கட்டாகக் கோ-4 என்னும் தீவனப் புல். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். என் குட்டியோ இளைக்கவும் இல்லை, கொழுக்கவும் இல்லை, வெறுமனே வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் மேனி பட்டுப்போல மின்னியது. ஆச்சி திருஷ்டி சுற்றிப் போட்டார்கள்.

வைகாசியில் ஒரு காலை, ஊரணிக்கரை வரை நடத்திக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது குட்டி முன்கால்களைக் கட்டைபோல ஊன்றி நடந்தது. கல் குத்தியிருக்கும் என்று குளம்பைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கணுவுக்கு நேர் மேலே கை வைத்தபோதுதான் தெரிந்தது. எலும்பு அந்த இடத்தில் உடுக்கையின் விளிம்புபோல அகன்று கெட்டியாக, வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினால் காலை இழுத்துக்கொண்டது. முட்டிக்கு மேலேயும் உட்பக்கம் ஒரு வீக்கம். சுளுக்கு என்றார் ஒருவர், வாதநீர் என்றார் இன்னொருவர், பற்றுப் போடச் சொன்னார் மூன்றாமவர். பற்றும் போட்டேன்.

கால்நடை மருத்துவர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். குட்டியைவிடத் தீனித் தொட்டியை அதிக நேரம் பார்த்தார். எலும்பு நீளும் இடம் குருத்து. குருத்து எலும்பாக மாறுவதற்கு நேரம் வேண்டும், சரக்கும் வேண்டும். தானியத்தை அள்ளிக் கொட்டி எடையை ஏற்றினால் குருத்தின் மேல் பாரம் ஏறுகிறது. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. குதிரைக்கு இது தலைகீழாக, கால்சியம் குறைந்தது சமமாகவோ, ஒன்றரை மடங்கு இரண்டு மடங்காகவோ இருக்க வேண்டும். உணவில் இல்லாத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். முற்றினால் முக எலும்பே உப்பிவிடுமாம். அந்தக் காலத்தில் மாவு அரைப்பவர்களின் குதிரைகள், சும்மா கிடைக்கும் தவிட்டையே தின்று இந்த நோயில் விழுந்ததால், மேல்நாட்டில் இதற்கு மாவு மில்காரர் நோய் என்றே பெயர் இருந்தது என்றார்.

கோ-4 புல்லையும் குறைக்கச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துப் பசு அதைத் தின்று கன்று போட்டுப் பாலும் கறக்கிறதே என்றேன். அந்தப் புல் வகையில் ஆக்சலேட் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வயிறு இல்லை என்று விளக்கினார். மாட்டுக்கு ஆகிறது குதிரைக்கும் ஆகும் என்ற எண்ணம் எங்கள் ஊரில் அநேகமாக எல்லோருக்கும் உண்டு.

அன்றோடு தவிடு நின்றது. தானியம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சோளத்தட்டையும் நிலக்கடலைக்கொடியும் முக்கியத் தீனியாயின. கடலைக்கொடி காய்ந்து மண் உதறியதாக, பூஞ்சணம் பிடிக்காததாக இருக்க வேண்டும். கொஞ்சம் குதிரைமசால் என்னும் தீவனப் பயிர் கிடைத்தது. பெயரிலேயே குதிரை இருக்கிறது, எனக்குத்தான் அது முன்பு கண்ணில் படவில்லை. மருத்துவர் சொன்ன அளவில் தாது உப்பு. ஓடவிடாமல், கட்டியும் போடாமல், மணல் பரப்பிய சின்ன அடைப்பில் ஆறு வாரம். குளம்பைச் சமமாகச் செதுக்கினோம். நான்கு மாதத்தில் வீக்கம் அடங்கியது. இடது முன்காலில் மட்டும் கணுவுக்கு மேல் ஒரு சின்னத் தடிப்பு இன்றைக்கும் கைக்குத் தட்டுப்படும். அது என் கைவேலை.

அந்த இரண்டு மாதப் படையலில் உயரம் எவ்வளவு கூடியது என்று கேட்பீர்கள். ஒரு வயதில் 51 அங்குலம் 2 நூல். ஒன்றரை வயதில் 53 அரை. முதலில் போட்ட கணக்கு எந்த வழியில் போனதோ அதே வழியில்தான் கோடுகள் போயின. நன்றாகத் தின்னும் குட்டிக்கு மேலும் ஊட்டினால் சீக்கிரம் வளரலாம், உயரமாக வளராது. எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்தால், குடற்புழு தின்றுகொண்டிருந்தால், உயரம் குறையலாம். ஆகவே செலவழிக்க ஆசைப்பட்டால் பூச்சி மருந்துக்குச் செலவழிக்கலாம்.

இந்த நாட்களில்தான் செவலை பார்க்கச் சகிக்காத ஒரு கோலத்துக்கு வந்தது. பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து, முதுகு சரிவுப் பலகைபோல ஆகிவிட்டது. ரசமட்டத்தை முதுகில் வைத்தால் குமிழி ஓடிப் போய்ப் பின்கோடியில் ஒட்டிக்கொள்ளும். புட்டத்தில் அளந்தால் தோள்மேட்டைவிட ஒன்றரை அங்குலம் அதிகம். தவளை என்று மகள் பெயர் வைத்தாள். நான் குறைப் பிறவியோ என்று பயந்தேன். "பின்னால் எழும்பினால் முன்னாலும் வரும் தம்பி. பின்னால் எழும்பாமல் முன்னும் பின்னும் சமமாக ஆறு மாதம் நின்றால், அப்போதுதான் முடிந்தது என்று வைத்துக்கொள்" என்றார் பாய். அப்படியே நடந்தது. மூன்று மாதத்தில் முன்பக்கம் எட்டிப் பிடிக்கும், பிறகு பின்பக்கம் மறுபடி கிளம்பும். இரண்டு வயதில் இரண்டும் சமமாக நிற்கும் குதிரையில் இனி வளர அதிகம் இல்லை. பின்பக்கம் இன்னும் தூக்கி நிற்பதில் கொஞ்சம் மிச்சம் உண்டு.

2021 தை மாதத்தில், ஈ மொய்ப்பு குறைந்த காலம் பார்த்துக் காயடித்தோம். உயரம் அதோடு நின்றுவிடும் என்று ஊரே சொன்னது. உண்மை நேர்மாறானது. ஆண்மைச் சுரப்பு குறையும்போது எலும்பின் வளர்முனைகள் சற்றுத் தாமதித்து மூடுகின்றன. நின்றுபோகாது, வேண்டுமானால் ஒரு நூல் கூடும். தவறாமல் செய்ய வேண்டியது டெட்டனஸ் தடுப்பூசி. குதிரையைப்போல அந்த நோய்க்கு எளிதில் இரையாகும் வளர்ப்புப் பிராணி வேறொன்று இல்லை.

தூணில் இருக்கும் மீதிக் கோடுகளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதில் 54 அங்குலம் 6 நூல். மூன்று வயதில் 55 அங்குலம் 6 நூல். நான்கில் 56 அங்குலம் 1 நூல். 2024 தையில், ஐந்து வயது முடிந்தபோது, 56 அங்குலம் 2 நூல். அதன்பிறகு எத்தனை முறை அளந்தாலும் அதே கோடுதான். பதினான்கு கை, கால் அங்குலம். அந்த 58 அங்குலக் கோட்டின்படி இது குதிரையே அல்ல, மட்டம். குதிரை விலை கொடுத்து மட்டம் வாங்கியவன் என்று சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பந்தியில் வைத்துச் சொன்னார். சோறு இறங்கவில்லை, ஆனால் ரசமட்டம் அவர் பக்கம்தான் இருந்தது.

உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் கவனிக்காதது, மூன்று வயதுக்குப் பிறகு நடந்த வளர்ச்சி. கோட்டில் அரை அங்குலம்கூட ஏறாத வருடத்தில் நெஞ்சு அகன்றது, கழுத்து தடித்தது, முதுகுச் சதை நிரம்பியது, ஓரப் பால் பற்கள் விழுந்து நாலரை வயதில் வாய் நிறைந்தது. மூன்று வயதில் வாங்கிய வார் நான்கு வயதில் இரண்டு துளை போதவில்லை. சேணம் வாங்க அவசரப்பட வேண்டாம் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் ஒரு சேணத்தின் விலை மிச்சமாகியிருக்கும்.

சவாரிக்கும் அதே அவசரம்தான் எனக்கு. இரண்டு வயதில் ஏறிவிடலாம் என்று நின்றேன். முதுகெலும்பு கடைசியில்தான் மூடுகிறது என்று மருத்துவர் மறுபடி சொன்னார். மூன்றரை வயதில் சேணம் மட்டும் போட்டு நடத்தினோம். நான்கு வயதில் மகள் ஏறினாள், அப்போது அவள் 41 கிலோ. கால் மணி நேரம், நடை மட்டும், செம்மண் பாதையில்.

என் முறை வந்தபோது கணக்கைப் போடச் சொன்னவரும் மருத்துவரே. முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் 64 அங்குலம். தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரை நீளம் 57. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 330-ஆல் வகுத்தால் வளர்ந்த குதிரையின் எடை பவுண்டில் வரும். 707 பவுண்டு, கிலோவில் 321. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 64 கிலோ. சேணம் 6 கிலோ, போக 58.

குட்டியை வாங்கியபோது நான் 82 கிலோ. இப்போது 77.